கிரிட்டில் எண் போடுவது பாதி வேலைதான்

பைத்தானில் விண்டோ, பொத்தான் உருவாக்கும் நூலகமான டிகிண்டரைச் சொல்லித்தரும் பாடங்கள் பலவும், பொத்தான் போன்ற உறுப்புகளைக் கட்டங்களில் அடுக்கும் கிரிட்டை, ரோ (வரிசை) 0, காலம் (column, நெடுவரிசை) 1 என்று எண் கொடுப்பதோடு முடித்துவிடுகின்றன. விண்டோவை இழுத்துப் பெரிதாக்கினால் எல்லாம் இடது மேல் மூலையிலேயே ஒண்டிக்கொண்டு நிற்கும். உடனே பலர் இடத்தை நேரடியாகக் குறிக்கும் பிளேஸுக்குத் தாவி, பிக்சல் கணக்கில் எக்ஸ், ஒய் கொடுக்கிறார்கள். தப்பான வைத்தியம். பொத்தானில் உள்ள எழுத்தைத் தமிழுக்கு மாற்றினாலோ எழுத்துருவைப் பெரிதாக்கினாலோ அந்தக் கணக்கு மொத்தமும் குலையும்.

கோளாறு, விண்டோவில் மிஞ்சும் இடத்தைப் பங்கிடும் வெயிட் என்ற எண்ணில். அதன் இயல்பு மதிப்பு 0. அதாவது, மிச்ச இடத்தில் அந்த காலமுக்குப் பங்கே இல்லை. காலம்கான்ஃபிகரில் வெயிட் 1 கொடுத்தால்தான் காலம் விரியும். அப்போதும் உள்ளிருக்கும் என்ட்ரி (எழுத்து உள்ளிடும் பெட்டி) விரியாது. அதற்கு ஸ்டிக்கி ‘ஈடபிள்யூ’ வேண்டும், கிழக்கு மேற்கு இரு ஓரத்திலும் ஒட்டச் சொல்வது அது. மேல்கீழாக விரிய ரோகான்ஃபிகரும் ‘என்எஸ்’ஸும் (வடக்கு தெற்கு). ஃபிரேமுக்குள் ஃபிரேம் (மற்ற உறுப்புகளை ஏந்தும் சட்டம்) வைத்திருந்தால் ரூட் (முதன்மை விண்டோ) தொடங்கி ஒவ்வொரு மட்டத்திலும் வெயிட், ஸ்டிக்கி இரண்டும் இருந்தாக வேண்டும். சங்கிலி எங்கே அறுந்தது என்று தெரியாவிட்டால் ஃபிரேம்களுக்கு வெவ்வேறு பின்னணி நிறம் கொடுங்கள், உடனே தெரிந்துவிடும். தீம் அடிப்படையிலான டிடிகே வகை ஃபிரேம் பின்னணி நிறத்தை நேரடியாக ஏற்காது, சோதிக்கும்வரை சாதா ஃபிரேமே போதும்.

வெயிட் 1, 3 என்று கொடுத்தால் அகலமும் 1:3 ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆகாது. வெயிட் பங்கிடுவது மிச்ச இடத்தை மட்டுமே. இரண்டு காலமும் இயல்பாக 100 பிக்சல், விண்டோ 600 என்றால் மிச்சம் 400. அது 100, 300 எனப் பிரிந்து, கடைசியில் 200, 400 ஆகும். அகலமே 1:3 ஆக வேண்டுமென்றால் வெயிட்டோடு, காலம்கான்ஃபிகரில் இரண்டுக்கும் ஒரே யூனிஃபார்ம் பெயரும் கொடுக்க வேண்டும். பல வரி எழுதும் பெட்டியான டெக்ஸ்ட் விட்ஜெட், அளவு எதுவும் சொல்லாவிட்டால் 80 எழுத்து அகலம், 24 வரி உயரம் கேட்கும். பங்கீடு கோணலாவதற்கு அடிக்கடி அதுவே காரணம். அகலம், உயரம் இரண்டையும் 1 ஆக்கி, விண்டோ அளவை ஜியோமெட்ரியில் சொல்லிவிட்டு, விரிவதை வெயிட்டிடம் விடுங்கள்.

ஸ்க்ரோல்பாருக்கு மட்டும் வெயிட் 0 தான் சரி. விண்டோ சுருங்கும்போது வெயிட் 0 உள்ள காலம் சுருங்காது, பட்டை காணாமல் போகாது.

உறுப்புகளை ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கும் இன்னொரு வழி பேக். ஒரே ஃபிரேமுக்குள் பேக்கையும் கிரிட்டையும் கலக்காதீர்கள். டிகிண்டருக்கு அடித்தளமான டிகேயின் பழைய பதிப்புகளில் இரண்டும் மாறி மாறி அளவை மாற்றி நிரலே உறைந்துவிடும். புதியவற்றில் பிழைச் செய்தி வரும், அந்த மட்டில் நல்லது. தனித்தனி ஃபிரேம் என்றால் தாராளமாகக் கலக்கலாம்.

ஒரு பகுதியைத் தற்காலிகமாக மறைக்க கிரிட்ஃபர்கெட் வேண்டாம், கிரிட்ரிமூவ். பிறகு வெறும் கிரிட் என்று அழைத்தாலே பழைய ரோ, காலம், ஸ்டிக்கியோடு திரும்பி வரும்.