ஏலிஷிடம் யாரும் கேட்கவில்லை

'புரூக்ளின்' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நாயகி ஏலிஷுக்கு ஏற்றவன் நியூயார்க்கின் புரூக்ளினில் அவள் மணந்த டோனியா, சொந்த ஊர் ஜிம்மா? 2015இல் படம் வந்த பிறகு இது இன்னும் அதிகமாகிவிட்டது. இந்தக் கேள்வி நாவலையே சின்னதாக்கிவிடுகிறது என்பது என் கருத்து. அயர்லாந்து எழுத்தாளர் கொல்ம் டோபீன் 2009இல் எழுதிய இந்தக் கதையில் காதல் பிறகுதான் வருகிறது. ஒரு பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமலே, அதுவும் முழுப் பாசத்தோடு, அவளைக் கடல் கடந்து அனுப்பிவைக்கிறார்களே, கதை அங்கேதான் இருக்கிறது.

1950களின் அயர்லாந்து. அந்தப் பத்தாண்டில் சுமார் 4 லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். மொத்த மக்கள்தொகையே 30 லட்சத்துக்கும் குறைவு! பெரும்பாலானவர்கள் போனது இங்கிலாந்துக்கு. ஏலிஷின் அண்ணன்கள் மூவரும் பர்மிங்ஹாமில்தான் இருக்கிறார்கள். கணக்கு எழுதப் படித்த ஏலிஷுக்குச் சொந்த ஊரான என்னிஸ்கார்த்தியில் கிடைத்ததோ மிஸ் கெல்லியின் மளிகைக் கடையில் ஞாயிற்றுக்கிழமை வேலை மட்டும். அமெரிக்காவிலிருந்து ஃப்ளட் பாதிரியார் வீட்டுக்கு வருகிறார், அக்கா ரோஸ் பேசுகிறாள், அம்மா மௌனமாக இருக்கிறாள், ஏலிஷைப் புரூக்ளினுக்கு அனுப்பும் காரியம் முடிந்துவிடுகிறது. உனக்குப் போக இஷ்டமா என்று ஒருவரும் கேட்பதில்லை. தானாகச் சொல்ல ஏலிஷுக்கும் வாய் வருவதில்லை.

ரோஸை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. முப்பது வயது, ஆலை அலுவலகத்தில் வேலை, மாலையில் கோல்ஃப், நல்ல உடைகள். தங்கை போனால் அம்மாவோடு தான்தான் இருந்தாக வேண்டும், இனித் தனக்கென்று ஒரு வாழ்க்கை அமையப்போவதில்லை என்று தெரிந்தேதான் அனுப்புகிறாள். தன் இதய நோயைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. அது அவள் இறந்த பிறகுதான் தெரிகிறது. தங்கையால் இறுதிச் சடங்குக்குக்கூட வரமுடியவில்லை.

இந்த நாவலில் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறவர்கள் கடிதங்கள் வரும் இடத்தைத் திரும்பப் படிக்கவேண்டும். ஊர் ஏக்கம் ஏலிஷைக் கப்பலிலோ முதல் வாரத்திலோ பிடிப்பதில்லை. புது வேலை, புது அறை, அவள் வேலை பார்க்கும் பர்டோச்சி கடையின் நெரிசல் என்று நாட்கள் ஓடுகின்றன. அப்புறம் அம்மாவும் ரோஸும் அண்ணன் ஜாக்கும் எழுதிய கடிதங்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. படித்து முடித்ததும்தான் இடி விழுகிறது. அந்த அறையில் எதுவுமே தன்னுடையதில்லை, அந்தத் தெருவில் தன்னைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. தூக்கம் போகிறது. மறுநாளும் கடையில் நின்று வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். டோபீன் இதைக் காய்ச்சலைப் போலத்தான் எழுதுகிறார், உடம்பில் நடக்கிற ஒன்றாக. கண்ணீரைப் பிழியும் வரி ஒன்றுகூட இல்லை. பாதிரியார் தரும் மருந்தும் அப்படித்தான்: உபதேசம் குறைவு, புரூக்ளின் கல்லூரியில் இரவு வகுப்புக்கு இடம் வாங்கித் தருகிறார். கிறிஸ்துமஸ் அன்று, கேட்பாரற்ற வயதான அயர்லாந்துக்காரர்களுக்கு உணவு பரிமாற அழைக்கிறார். அமெரிக்காவின் பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் கட்டிய ஆட்கள் அவர்கள். அதில் ஒருவர் எழுந்து ஐரிஷ் மொழியில் பாடும் பக்கத்தை என்னால் வேகமாகக் கடக்கவே முடிந்ததில்லை.

ரோஸ் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பியதும் ஏலிஷ் கணவன் டோனியை மறந்தாள், துரோகம் செய்தாள் என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. புரூக்ளினில் இருந்தபோது ஊர் அவளை வதைத்தது, ஊரில் கால் வைத்ததும் புரூக்ளின் கனவாகிவிட்டது. டோனியின் கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருக்கிறாள். அதற்குள் ரோஸ் பார்த்த வேலை, ரோஸின் இடம், ஜிம்மின் அன்பு எல்லாம் தேடி வருகின்றன. இரண்டு வருடம் முன்னால் இந்த வேலை கிடைத்திருந்தால் அவள் கப்பலே ஏறியிருக்க மாட்டாள். அக்கா செத்துத்தான் தங்கைக்கு ஊரில் ஓர் இடம் கிடைக்கிறது. இதை விட்டுவிட்டு இரண்டு ஆண்களில் யார் நல்லவன் என்று எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

படம் நன்றாகவே இருந்தது, ஏலிஷாக நடித்த சர்ஷா ரோனனின் முகத்துக்காகவே பார்க்கலாம். ஆனால் அது ஏலிஷை டோனியின் அணைப்புவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நாவலோ ஊரைவிட்டுக் கிளம்பும் ரயிலிலேயே நின்றுவிடுகிறது. சேர்ந்தாளா, சந்தோஷமாக இருந்தாளா என்று டோபீன் சொல்லவில்லை. 2024இல் 'லாங் ஐலண்ட்' எழுதித்தான் அவர் அவளிடம் திரும்பினார். அதில் நாற்பதைத் தாண்டிய ஏலிஷ், 1976இல் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்காக மறுபடி என்னிஸ்கார்த்திக்கு வருகிறாள். அதற்குப் போகுமுன் 'புரூக்ளி'னைப் படித்துவிடுங்கள், படம் பார்த்தவர்களும்தான்.