கிராமிசிடின்: கட்டுரையில் விடுபட்ட பகுதி

1939-இல் ராக்பெல்லர் நிறுவனத்தில் ரெனே டுபோ மண்ணில் வாழும் பாக்டீரியத்திலிருந்து பெற்ற கிராமிசிடின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதால் ஊசியாகச் செலுத்த முடியாத மருந்து என்று மட்டும் கூறி, அதைப் பற்றிய இக்கட்டுரை கடந்துவிடுகிறது. அது உண்மையே, எனினும் நரம்பணு ஆய்வில் அதற்குள்ள இடத்தையும் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன்.

தலா 15 அமினோ அமிலங்கள் கொண்ட இரு கிராமிசிடின் மூலக்கூறுகள் செல் சவ்வுக்குள் ஒன்றன் முனை மற்றொன்றின் முனையைத் தொடுமாறு சேர்ந்து ஒரு நுண்துளையாகின்றன. அதன் வழியே சோடியமும் பொட்டாசியமும் செல்லும், குளோரைடு செல்லாது. ஆகவே நரம்பணுவின் சவ்வில் இத்துளைகளை உண்டாக்கினால், செல்லின் இயல்பான குளோரைடு அளவைக் குலைக்காமல் மின்னோட்டத்தை அளக்க முடிகிறது. முதிர்ந்த நரம்பணுவை அடக்கும் காபா என்னும் மூளை வேதிப்பொருள், இளம் நரம்பணுக்களில் பல வேளைகளில் எதிர்மாறாகச் செயல்படுவதை ஆராய இம்முறை பெரிதும் உதவியது.

இம்முறையில், மின்னோட்டத்தை அளக்கும் கண்ணாடி நுண்குழலின் முனையில் மருந்து கலவாத கரைசலையும் அதன் பின்னே கிராமிசிடின் கலந்த கரைசலையும் நிரப்பி, செல்லோடு ஒட்டியபின் மின்தடை சிறிது சிறிதாக இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். தடை சட்டென்று வீழ்ந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள், அப்பதிவை ஒதுக்கிவிடுவதே நேர்மை.

மேலும், கட்டுரையின் படத்தில் உள்ள வளைய வடிவ மூலக்கூறு சோவியத் அறிஞர்கள் கண்டறிந்த கிராமிசிடின் எஸ். பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு பொருள் என்பதால் படத்தை மாற்ற வேண்டுகிறேன்.