இருப்பாய்வு சமனானால் போதுமா?

எல்லாக் கணக்குகளின் பற்று (இடப்பக்க), வரவு (வலப்பக்க) இருப்புகளையும் பட்டியலிட்டுக் கூட்டிப் பார்ப்பதுதான் இருப்பாய்வு. ‘இருப்பாய்வில் பற்றும் வரவும் சமனாகிவிட்டால் கணக்கு சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம். கூட்டல் ஒத்துப்போகிறது என்பதை மட்டும்தான் இருப்பாய்வு காட்டும்.

கீழமாசி வீதி மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கென்று 8,000 ரூபாய்க்குத் தராசு வாங்குகிறார்கள். அது சொத்து. அதை, விற்பதற்காக வாங்கும் சரக்கை எழுதும் கொள்முதல் கணக்கில் பற்று வைத்துவிட்டால்? பணம் வெளியே போனதால் ரொக்கக் கணக்கில் வரவும் 8,000 இருக்கும், இருப்பாய்வு அழகாகச் சமனாகும். ஆனால் கொள்முதல் கூடிவிடுவதால் மொத்த இலாபம் 8,000 குறைந்துபோகும், சொத்துப் பட்டியலில் தராசே இருக்காது. கடனுக்கு விற்ற ஒரு மூட்டை துவரம்பருப்பைக் குறிப்பேட்டில் (நடவடிக்கைகளை முதலில் பதியும் ஏடு) எழுதவே மறந்தாலும் அப்படித்தான், இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறையும்.

சமனானாலும் ஒவ்வொரு பதிவையும் கேள்வியோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.