டெஸ்டிங்கை விட்டு ஓடத்தான் வேண்டுமா?

குறுவை அறுப்புக்காகப் போன வாரம் மன்னார்குடி வந்திருந்தேன். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் பார்க்க வந்தான். சென்னையில் மூன்று வருடமாக மேனுவல் டெஸ்டிங், அதாவது மென்பொருளைக் கையால் ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. திண்ணையில் உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டான்: "அக்கா, இதுல இருந்தா கடைசி வரைக்கும் பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்னு எல்லாரும் சொல்றாங்க. டெவலப்மெண்ட்டுக்கு மாறிடவா?"

டெஸ்டிங்கில் எனக்கு இது பதினாலாவது வருடம். புரோகிராம் எழுதுவது பிடித்திருந்தால் தாராளமாக மாறட்டும். ஆனால் டெஸ்டிங் மட்டமான வேலை என்று யாரோ சொன்னதற்காக மாறக்கூடாது. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு வங்கியின் விவசாயக் கடன் மென்பொருள் என் கைக்கு வந்தது. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி; கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை. ஒரு லட்சம் வாங்கியவருக்கு வருடத்துக்கு 7,000 ரூபாய் வட்டி 4,000 ஆகும். ரிக்வயர்மெண்ட்டில், அதாவது மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலில், இருந்த எல்லா டெஸ்ட் கேஸும் (சோதனைகளும்) பாஸ். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நெல்லுப் பணம் வந்து சேராமல், ஞாயிற்றுக்கிழமை கெடுவை நினைத்து அப்பா சனிக்கிழமை ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். கெடுவை ஞாயிற்றுக்கிழமையாக வைத்து, திங்கட்கிழமை பணம் கட்டுவதுபோல் ஓட்டிப் பார்த்தேன். சலுகை போய்விட்டது. ஒரு நாள் விடுமுறைக்கு 3,000 ரூபாய்!

"ரிக்வயர்மெண்ட்ல இல்ல" என்று டெவலப்பர் நான் எழுதிய டிஃபெக்டை (பிழைப் புகாரை) ரிஜெக்ட் செய்தார். நான் விடவில்லை. வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு எழுதும் பிசினஸ் அனலிஸ்ட் வழியாக வங்கியிடமே கேட்கச் சொன்னேன். திருத்தச் சொல்லிப் பதில் வந்தது. அதன் பிறகு ரிக்வயர்மெண்ட் பேசும் கூட்டங்களுக்கே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் வளர்ச்சி அங்கேதான் தொடங்கியது. அந்தச் சமயத்தில் எனக்கு ஆட்டோமேஷனில் (டெஸ்டைத் தானாக ஓட்டும் புரோகிராமில்) ஒரு வரிகூட எழுதத் தெரியாது.

அதனால் ஆட்டோமேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஜாவா அல்லது பைத்தான், ஏதாவது ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு செலினியம், பிளேரைட் போன்ற ஆட்டோமேஷன் கருவிகள் தானாக வசப்படும். எஸ்க்யூஎல்லும் (டேட்டாபேஸில் தகவல் தேடும் மொழி) ஏபிஐ டெஸ்டிங்கும் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழியைச் சோதிப்பது) இல்லாமல் இன்று இன்டர்வியூவே தாண்ட முடியாது. சம்பளமும் அந்தப் பக்கம் கூடுதல்தான். ஆனால் ரெஸ்யூமில் பத்து டூல் பெயரை அடுக்கி வைப்பது வளர்ச்சி ஆகாது.

நம் ஊர் கொள்முதல் நிலையத்தைப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மீட்டர் எண்ணைச் சரியாகத்தான் காட்டும். ஆனால் அம்பாரத்தின் மேலே காய்ந்த நெல்லை அள்ளி வைத்தால் ஓர் எண், உள்ளே கையை விட்டு அள்ளினால் வேறு எண். எங்கே அள்ளுவது என்பதை மீட்டர் சொல்லாது. ஆட்டோமேஷனும் அப்படித்தான், இப்போது ஏஐ எழுதித்தரும் டெஸ்ட் கேஸும் அப்படித்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அந்தக் கோப்பைச் சரிபார்க்க வேண்டிய கருவியிலேயே பிழை இருந்தது.

சரி, டெஸ்டிங்கிலிருந்து மேலே எங்கே போகலாம்? லீட், டெஸ்ட் மேனேஜர் பாதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆட்களை நடத்தப் பிடித்தால் போகலாம். பிசினஸ் அனலிஸ்ட், ப்ராடக்ட் ஓனர் (மென்பொருளில் எது வேண்டும் என்று முடிவு செய்பவர்) வேலைகளுக்கு நம்மைப்போல் முழு மென்பொருளையும் சுற்றிப் பார்த்தவர்கள் நன்றாகப் பொருந்துவார்கள். பெர்ஃபார்மன்ஸ் (வேகம்), செக்யூரிட்டி (பாதுகாப்பு) டெஸ்டிங் இரண்டும் தனித்தனிக் கடல். ஐஎஸ்டிக்யூபி என்ற டெஸ்டிங் சான்றிதழின் அடிப்படைத் தேர்வு 40 கேள்விதான், 26 சரியாக இருந்தால் பாஸ். மற்ற நிறுவனங்களுக்கு வேலை செய்துதரும் சர்வீஸ் கம்பெனியில் ரெஸ்யூம் ஒதுக்கப்படாமல் இருக்க உதவும், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். பொய் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் பயிற்சி நிலையங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். என் தோழி ஒருத்தி அம்மாவின் தோட்டை அடகு வைத்து அப்படி ஒரு இடத்தில் பணம் கட்டினாள். சேர்ந்த வேலை பின்னணிச் சரிபார்ப்பில் போனது. தோடும் மூழ்கிப்போனது.

நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது அக்சஸிபிலிட்டி டெஸ்டிங். பார்வையற்றவரோ, கை அசைக்க முடியாதவரோ ஒரு மென்பொருளைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வேலை. நம் நாட்டில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைப் பேசுகிறது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஊரில் இருந்தபடியே கற்றுக்கொள்ளலாம்.

தம்பியின் போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடரை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆப்பில் சென்னைக்கு பஸ் டிக்கெட் போடச் சொன்னேன். விரலை நகர்த்த நகர்த்த போன் "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எந்த பட்டன் என்று சொல்லவில்லை. பத்து நிமிடம் ஆகியும் தேதியைத் தாண்ட முடியவில்லை. கண்ணைத் திறந்து, "பாவம்க்கா, அவங்க எப்படித்தான் ஊருக்குப் போவாங்க?" என்றான். அதையே டிஃபெக்டாக எழுதச் சொன்னேன். எந்தத் திரை, எந்த பட்டன், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும், அதனால் யாருக்கு என்ன கஷ்டம். நாலு முறை அடித்துத் திருத்தி எழுதினான். நாலாவது நன்றாக வந்திருந்தது.

2024-லேயே தஞ்சாவூருக்கு மினி டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் வந்துவிட்டது. இனி எல்லோரும் சென்னைக்கே போக வேண்டியதில்லை என்ற ஆசை எனக்கு நிறையவே இருக்கிறது. சம்பா அறுப்புக்குத் தை மாதம் மறுபடி வருவேன். மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் பக்கத்து டெஸ்டர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். கம்பெனி விவரம் எதுவும் இல்லாமல், நீங்களாகக் கண்டுபிடித்து எழுதிய ஒரே ஒரு டிஃபெக்ட் ரிப்போர்ட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.