மேஸ்திரி நூல் நூற்கிறார்

(கோவை பீளமேட்டில் ஒரு வீட்டுத் திண்ணை. மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற கந்தசாமி, பெட்டிக்குள் மடக்கி வைக்கும் கைராட்டையான பெட்டி ராட்டை முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சொல்லித்தர வந்திருப்பவர் எதிர்வீட்டுப் பழனியம்மாள். ஒரு காலத்தில் அதே மில்லில் அவருடைய ஷிப்டில் சைடு (நூற்பு மெஷினின் ஒரு பக்கம்) பார்த்தவர்.)

கந்தசாமி: மறுபடியும் அறுந்துவிட்டது. பஞ்சு சரியில்லை அம்மிணி.

பழனியம்மாள்: கருங்கண்ணிப் பஞ்சுங்க. இழை குட்டை. நீங்கள் தேர் வடம் இழுக்கிற மாதிரி இழுத்தால் என்ன செய்யும்?

கந்தசாமி: நூலை முறுக்கிச் சுற்றுகிற கதிர்தானே, நான் பார்க்காத கதிரா? மில்லில் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்று சுற்றும்!

பழனியம்மாள்: அதைச் சுற்றியது மோட்டார். பஞ்சை இழுத்தது ரோலர். அறுந்ததை ஒட்டியது நான். நீங்கள் என்ன செய்தீர்கள்?

கந்தசாமி: மேற்பார்வை.

பழனியம்மாள்: இங்கே அந்த வேலை காலி இல்லைங்க. பஞ்சுப் பட்டையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டும் தொடாமலும் பிடிக்கட்டும். வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை அப்படியே பின்னால் வர வேண்டும். கதிர் நுனியிலிருந்து நூல் வழுக்கி வழுக்கி முறுக்கேறும்.

(வலது கை முந்துகிறது. நூல் சுருண்டு தன்னைத்தானே பின்னிக்கொள்கிறது.)

பழனியம்மாள்: முறுக்கு அதிகம்.

(மெதுவாகச் சுற்றுகிறார். நூல் பிரிந்து பஞ்சாகவே கையோடு வருகிறது.)

பழனியம்மாள்: இப்போது போதவில்லை.

கந்தசாமி: இஞ்சுக்கு எத்தனை முறுக்கு? கணக்கைச் சொல்லிவிடு.

பழனியம்மாள்: கணக்கு விரல் சொல்லும்.

கந்தசாமி: என் விரல் பேசமாட்டேன் என்கிறதே.

பழனியம்மாள்: வாய் இடம் கொடுத்தால்தானே?

கந்தசாமி: பேசாமல் அம்பர் ராட்டை வாங்கியிருக்கலாம். நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஏகாம்பரநாதன் கண்டுபிடித்தது. அதில் ரோலர் உண்டு.

பழனியம்மாள்: காந்தி எரவாடா ஜெயிலில் இந்தப் பெட்டி ராட்டையோடுதான் உட்கார்ந்திருந்தார். ரோலர் கேட்கவில்லை.

கந்தசாமி: ஜெயிலில் அவருக்கு நேரம் இருந்தது.

பழனியம்மாள்: ரிட்டயர் ஆன உங்களுக்கு என்ன அவசரம்? 1924இல் பெல்காம் காங்கிரஸில் மாதம் 2000 கெஜம் நூலைக் கட்சிச் சந்தாவாகவே வைத்தார்கள், தெரியுமா?

கந்தசாமி: நூற்க வராதவன் என்ன செய்வான்?

பழனியம்மாள்: வேறு ஆளை நூற்கச் சொல்லி வாங்கிக் கொடுக்கலாம்.

கந்தசாமி: (பட்டையை அவர் பக்கம் நீட்டி) நல்ல கட்சி.

பழனியம்மாள்: கையை மடக்குங்க. ம்... சுற்றுங்கள்.

(ஒரு முழம் நூல் வந்துவிடுகிறது.)

கந்தசாமி: பார்த்தாயா! என்ன நம்பர் இருக்கும், நாற்பதா?

பழனியம்மாள்: நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசுங்க. இந்த முனை அறுபது. நடுவில் இரண்டு. அந்த முனை இன்னும் பஞ்சு.

கந்தசாமி: நூல்தானே?

பழனியம்மாள்: நூல்தான். இப்போது சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, நூலைக் கதிருக்குக் குறுக்கே பிடித்து... அய்யோ, மெதுவாக!

(பட்.)

பழனியம்மாள்: என் சைடில் நாலு நூல் அறுந்ததற்கு ஒருநாள் மெமோ கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

கந்தசாமி: அது... மேனேஜர் எழுதச் சொன்னார்.

பழனியம்மாள்: ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தீர்கள். அதிலும் ஒரு ‘க்’ விட்டுப்போயிருந்தது.

கந்தசாமி: சரி சரி. ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.

பழனியம்மாள்: நூல் அறுந்து கிடக்கும்போது யாருங்க டீக்குப் போவது? ஒட்டிவிட்டுப் போங்கள்.

கந்தசாமி: எப்படி ஒட்டுவது?

பழனியம்மாள்: (அவரையே கொஞ்ச நேரம் பார்த்து) அப்படியானால் அத்தனை வருஷம் எங்கள் பின்னால் நின்றுகொண்டு என்னதான் பார்த்தீர்கள்?

கந்தசாமி: கடிகாரத்தை.