தாகம் குறையும், தேவை குறையாது
"வயதானவர்களுக்குத் தாகம் அதிகம் எடுக்காது, தண்ணீர் குறைவாகக் கொடுத்தால் போதும்" என்று அண்ணாச்சி ஒருவர் எழுதியிருப்பதில் முதல் பாதி சரி; இரண்டாம் பாதி ஆபத்தானது. மூப்பில் தாக உணர்வு மங்குகிறது, சிறுநீரகம் நீரைக் காத்துவைக்கும் திறனும் குறைகிறது. திருநெல்வேலியின் அக்னி நட்சத்திர வெயிலில் இது உயிருக்கே கேடு. கேட்கும்வரை காத்திராமல் தண்ணீரோ மோரோ நீராகாரமோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் (இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவு மட்டும்).

செவிலியர் தங்கைகளே, உடலில் நீர் குறைந்திருக்கிறதா என்பதைப் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். முதிய தோலில், நீர் குறையாதபோதும் மடிப்பு மெதுவாகத்தான் விரியும். நாக்கின் உலர்வு, சிறுநீரின் அளவு, நாடித்துடிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசிய ஆச்சி இன்று திடீரெனப் பிதற்றினால், வயதின் மேல் பழி போடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.