வேலியில் கட்டிய கிளட்ச் ஒயர்

போன வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. மலையடிவாரத்தில் ஒருவருடைய பட்டியில் புகுந்து சிறுத்தை இரண்டு ஆட்டை அடித்துவிட்டது. "நாலு எடத்துல கம்பிக் கண்ணி வச்சா தானா மாட்டும்" என்று ஒருவர் போட, கைதட்டல் எமோஜி வரிசையாக வந்து விழுந்தது. வேண்டாம் என்று எழுதினேன். "செத்தது உன் ஆடா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. என்னிடமும் ஏழு ஆடு இருப்பதால் பதில் சொல்கிறேன்.

வேலூர் மாவட்டத்தில் எங்கள் குடியாத்தம், பேரணாம்பட்டுக்காரர்களுக்குச் சிறுத்தை புதிதில்லை. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் ஒரு இளம்பெண்ணையே கொன்றது. அதற்கப்புறம் யாரிடமும் போய் "பயப்படாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கண்ணியைக் கையால் தொட்டுக் கழற்றியவன் நான். மூன்று வருஷம் முன்னால் எங்கள் நாய் மணியை இரண்டு நாளாகக் காணோம். கடைசியில் மல்லாட்டைக் கொல்லை வேலியில், பன்றி நுழையும் சந்தில் கிடந்தது. பழைய பைக் கிளட்ச் ஒயர். ஒரு முனை வேப்ப மரத்தடியில், மறுமுனை மணியின் இடுப்பில். இழுக்க இழுக்க இறுகும், நின்றால் தளராது. சுற்றிலும் மண்ணை வட்டமாகப் பிறாண்டி வைத்திருந்தது. குறடால் வெட்டி எடுத்தபோது உயிர் இருந்தது, வெளியே பெரிய காயம்கூட இல்லை. மறுநாள் மத்தியானம் செத்துப்போனது.

வைத்தவர் என் பங்காளி. பன்றிக்குத்தான் வைத்தாராம். திட்டவும் மனசு வரவில்லை, அந்த வருஷம் அவர் கொல்லையில் பாதியைப் பன்றி தோண்டித் தின்றிருந்தது.

சரி, சிறுத்தையே மாட்டியது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் பார்க்கப்போவது யார்? விடியற்காலையில் மோட்டார் போடக் கொல்லைக்குப் போகிற ஆள்தான். இடுப்பில் கம்பியோடு ராத்திரி முழுக்கத் துள்ளிய மிருகம், அந்த நேரம் பார்த்து ஒயர் அறுந்தால்? 2020 மே மாதம் இலங்கை மலையகத்தில் நல்லதண்ணி பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் கம்பியில் மாட்டியது. மீட்டுக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதையும் வேட்டையாகவே பார்க்கிறது. சிறுத்தை என்றால் மூன்று முதல் ஏழு வருஷம் உள்ளே. வேல்ஸில் 2023-லும் ஸ்காட்லாந்தில் 2024-லும் கண்ணியையே தடை செய்துவிட்டார்கள். அங்கே கண்ணி வேண்டும் என்று வாதாடியவர்களும் நம்மாட்டம்தான்: நரி ஆட்டுக்குட்டியைத் தூக்குதே, என்ன செய்ய?

அதுதான் விஷயம், என்ன செய்ய? இழப்பீடு உண்டு என்று டவுனில் உட்கார்ந்து சொல்வது சுலபம். செத்த ஆட்டைப் போட்டோ எடுத்து, கால்நடை டாக்டரைப் பார்த்து, மனு எழுதி, நாலு நாள் கூலியை விட்டு அலைய வேண்டும். குரூப்பில் கண்ணி வைக்கச் சொன்னவருக்குப் போன வருஷத்து ஆட்டுக்கே இன்னும் காசு வரவில்லை. அவர் கோபம் சிறுத்தை மேல் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அந்த இழப்பீட்டுக்காக ஆபீசில் போய்ச் சண்டை போடுவதென்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

நம் பட்டிகளில் பாதிக்கு மேல் கூரையே கிடையாது. இடுப்பளவு முள்வேலி, ஒரு குண்டு பல்பு. சிறுத்தைக்கு அது ஒரு தாவல்.

வர்ற ஞாயிறு என் பட்டிக்கு மேலே கம்பி வலை அடிக்கிறேன். பங்காளியும் வருகிறேன் என்றிருக்கிறார். கம்பி முறுக்குவதில் அவர் கெட்டிக்காரர்.